பொன்னாடைக்கு முன் வெற்றிலை: போர்க்காலத்தில் பணியாற்றிய பெண்களை ஊரில் கௌரவிக்க ஒரு வழிகாட்டி

அது ஒரு நாற்பது பக்கப் பாடசாலைக் கொப்பி. அட்டை எப்போதோ போய்விட்டது. முதுகை நூலால் தைத்து, பொலித்தீன் பையில் சுற்றி, ஓர் அம்மா அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். உள்ளே அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட ஐந்து நிரல்கள்: திகதி, தாயின் பெயர், ஊர், குழந்தை ஆணா பெண்ணா, குறிப்பு. குறிப்பு நிரல் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. சில வரிகளில் மட்டும் 'மெழுகுதிரி' என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அன்றைக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, மகள். மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் தொப்புள்கொடி வெட்டினேன்."

அவர் போர்க்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் குடும்பநல மருத்துவமாதாக இருந்தவர். மண்முனையில் இன்று நாம் ஐந்து நிமிடத்தில் கடக்கும் பாலம் 2014இல் வந்தது. அதற்கு முன் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறவேண்டும். பாதை ஓடாவிட்டால் தோணி. கிழக்குக் கரையான எழுவான்கரையில் இராணுவம் பையைத் திறந்து பார்க்கும், மறுகரையில் விடுதலைப் புலிகள் இயக்கம் திறந்து பார்க்கும். கத்தரிக்கோலும் பஞ்சும் எதற்கு என்று இரண்டு கரையிலும் விளக்கம் சொல்லிச் சொல்லியே அவர் பல ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்திருக்கிறார்.

இந்தக் கொப்பியைப் பார்ப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டோம். ஒரு மகளிர் தின நிகழ்வு. பிரதம விருந்தினர் வரும்வரை இரண்டரை மணி நேரம் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பெயரைத் தலைப்பெழுத்து மாற்றி வாசித்தோம். 'சிறந்த சமூக சேவகி' என்றோம். என்ன சேவை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாலை எனக்கு இன்னும் கடனாகவே இருக்கிறது.

இதுபோன்ற நிகழ்வை முதல் தடவையாக நடத்த நினைக்கும் இளைஞர் கழகத்தினருக்கும், புதிதாக நியமனம் பெற்று வந்த ஆசிரியர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பி ஊருக்கு ஏதாவது செய்ய விரும்புவோருக்கும் இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

யாரைத் தேடுகிறோம்

போரில் பணி என்றதும் சீருடைதான் நினைவுக்கு வரும். சீருடை போட்டவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சீருடை இல்லாதவர்களைத் தேடுங்கள். நம் ஊரில் அவர்களே அதிகம், அவர்களுக்குத்தான் பதக்கமும் இல்லை, பட்டியலும் இல்லை.

1990இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. இந்தச் செய்தி நமக்குத் தெரியும். அந்த முகாமில் ஆயிரக்கணக்கானோருக்கு உலை வைத்தது யார், குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வந்தபோது தண்ணீரைக் கொதிக்க வைத்தது யார், மறுநாள் இராணுவ முகாம் வாசலில் போய் நின்று மகனைக் கேட்டது யார்? அந்தப் பெண்களில் பலர் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் சுடப்பட்டபோதும், அடுத்த வாரம் ஏறாவூரில் கொலைகள் நடந்தபோதும், காயப்பட்டவர்களைத் தூக்கியவர்கள், அநாதையான பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தவர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் பட்டியலில் இவர்களுக்கு இடம் வையுங்கள்: தாதிகள், மருத்துவமாதுகள், வைத்தியசாலைச் சிற்றூழியர்கள், ஷெல் விழுந்த மறுநாளும் பாடசாலையைத் திறந்த ஆசிரியைகள், முகாம் சமையல்காரர்கள், பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக நடந்த தாய்மார், கணவனை இழந்த பின் வயலையும் தோணியையும் தாங்களே நடத்தியவர்கள். 2010இல் அமைச்சு மட்டத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படி வடக்கு கிழக்கில் போரால் கணவனை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர். அவர்களில் 49,000 பேர் கிழக்கில் இருந்தார்கள். நாம் ஒரு தடவை நான்கு பேரை அழைக்கிறோம். அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினால் பத்துப் பேரின் கதையும் போய்விடும்.

எங்கே தொடங்குவது

ஐந்து பேர் போதும், அவர்களில் மூவராவது பெண்களாக இருக்கவேண்டும். கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியைச் சந்தியுங்கள். யார் வீட்டில் எந்த வலி இருக்கிறது என்று உத்தியோகத்தரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார். கோயில் ஊரென்றால் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் ஊரென்றால் நம்பிக்கையாளர் சபை, தேவாலயம் இருந்தால் பங்குத்தந்தை. அனுமதி கேட்பதற்காக மட்டும் இவர்களிடம் போகாதீர்கள். "அந்த நேரத்தில் இங்கே யார் ஓடித் திரிந்தார்கள்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பெயர்கள் வேறு எந்தக் கேள்விக்கும் கிடைப்பதில்லை.

மட்டக்களப்பில் 1990களின் தொடக்கத்திலிருந்து பெண்களோடு வேலை செய்துவரும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகளையும் தேடிப் போங்கள். இத்தகைய கதைகளை எப்படிக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது என்ற பழக்கம் அவர்களுக்கு நிறைய உண்டு.

வெற்றிலை வைத்து அழைப்பது நம் ஊர் வழக்கம். இந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமான வழக்கம் என்று நான் நம்புகிறேன். தொலைபேசியில் அழைக்காதீர்கள், அழைப்பிதழ் அனுப்பாதீர்கள். வட்டாவில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போங்கள். முதல் நாள் நிகழ்வைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கேட்கப் போகும்போது

இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்த பின் போனால் அவருக்கும் ஆறுதலான நேரம். கதிரை கொண்டுவந்து போடுவார்கள். அவர் பாயில் இருந்தால் நீங்களும் பாயில் இருங்கள். அம்மா, அக்கா, மாமி என்று உறவு சொல்லி அழையுங்கள். முஸ்லிம் வீட்டில் உம்மா, ராத்தா. 'பாதிக்கப்பட்ட பெண்' என்ற சொல் அந்த வீட்டு வாசலுக்குள் வரவேண்டாம்.

"போரில் என்ன நடந்தது?" என்று தொடங்கினால் ஒன்றும் வராது. அல்லது எல்லாம் ஒரேயடியாக வந்து அவரை உடைத்துவிடும். வேலையைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், எந்த வழியால் போவீர்கள், பையில் என்ன இருக்கும், எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர்? கைக்குத் தெரிந்ததைக் கேட்டால் நினைவு தானாக நடந்து வரும். எங்களிடம் ஓர் அம்மா முகாமில் கஞ்சி காய்ச்சியதைக் கையால் காட்டினார். தோளுயர அகப்பையை இரண்டு கையாலும் பிடித்து, இடமிருந்து வலம் கிண்டிக் காட்டினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "உப்புத்தான் இல்லை" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகவே அந்தப் பின்னேரம் போதும் என்று எழுந்து வந்தோம்.

பாலியல் வன்முறை பற்றி ஒருபோதும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், பதிவுக் கருவியை நிறுத்துங்கள், வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள். அவர் அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அன்றிரவு அவருக்குத் துணை யார் என்று தெரிந்துகொண்டுதான் வெளியேறவேண்டும். மறுநாள் யாராவது போய்ப் பாருங்கள். தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வேண்டாம் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். திரும்பவும் போய் வற்புறுத்தாதீர்கள். சொல்லாமல் இருப்பதும் அவர் உரிமை.

மூன்று தனித்தனி அனுமதிகள்

உங்கள் பெயரைச் சபையில் சொல்லலாமா? உங்கள் படத்தைக் காட்டலாமா? நீங்கள் சொன்னதைப் பதிந்து வைக்கலாமா? இவற்றை ஒரே மூச்சில் கேட்டு ஒரே தலையசைப்பை வாங்காதீர்கள், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர் சொல்லலாம், படம் வேண்டாம் என்பார்கள். மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம், இப்போது வேண்டாம் என்பார்கள். இரண்டும் நியாயமான பதில்கள். நிகழ்வுக்கு முதல் நாள் மீண்டும் ஒரு தடவை கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம். முகநூலில் நேரலை போடுவதை முற்றாகத் தவிருங்கள். மண்டபத்தில் இருப்பவர்களை அவருக்குத் தெரியும். திரைக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

ஆயுதம் ஏந்தியவர்கள்

இந்த இடத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள், அதனால் நேரடியாகச் சொல்கிறேன். நம் ஊரில் முன்னாள் போராளிப் பெண்கள் இருக்கிறார்கள். விரும்பிப் போனவர்கள் உண்டு. பாடசாலை வயதில் கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் உண்டு. கிழக்கில் இரண்டும் நடந்தது. ஆகவே ஒருவரை வீராங்கனை என்று அழைப்பதோ, பரிதாபத்துக்குரியவர் என்று அழைப்பதோ உங்கள் முடிவாக இருக்கக்கூடாது. அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படி. களத்தில் மருத்துவப் பிரிவில் இருந்தவர், இன்று செயற்கைக் காலோடு தையல் இயந்திரம் மிதிப்பவர், அந்தத் தையலுக்காக மட்டும் கௌரவிக்கப்பட விரும்பினால் அதை மட்டும் சொல்லுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. அதன் கொடி, சின்னம், சீருடைப் படம் எதுவும் மண்டபத்துக்குள் வரக்கூடாது. நினைவேந்தல்களுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்தச் சுமை உங்களுக்கு அல்ல, நீங்கள் மேடையேற்றும் பெண்ணுக்குத்தான் முதலில் விழும். தரவையிலும் மாவடிமுன்மாரியிலும் கஞ்சிகுடிச்சாற்றிலும் உள்ள துயிலும் இல்லங்களில் மாவீரர் நாளான நவம்பர் 27இல் விளக்கேற்றும் தாய்மாருக்கு அந்த நாள் அவர்களுடையது. உங்கள் நிகழ்வை அதோடு கலக்காதீர்கள்.

அம்பாறை நகரிலும் எல்லைக் கிராமங்களிலும் வேலை செய்பவர்கள் இன்னொரு கதவையும் தட்டவேண்டும். படையில் கணவனையோ மகனையோ இழந்த சிங்களப் பெண்கள், ஊர்காவல் படையில் தந்தையை இழந்த முஸ்லிம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். இலங்கை இராணுவத்தின் மகளிர் படையணி 1979இல் தொடங்கியது. அதில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண்களும் எங்கோ ஒரு வயலோரம் நெல் காயப்போட்டுக்கொண்டு இருப்பார்கள். அவர்களையும் கேளுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் முதல் ஆண்டிலேயே எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட ஆசைப்படாதீர்கள். படத்துக்கு அது அழகாக இருக்கும், அந்தப் பெண்களுக்கு மூச்சுமுட்டும். முதலில் இரண்டு பெண்கள் ஒரு வீட்டு முற்றத்தில் தேநீர் குடிக்கட்டும்.

நாள் பார்ப்பது

மார்ச் 8இல் வைத்தால் எல்லா அலுவலகமும் அதே பெண்களைத் தேடும். மே 18, 19 இரண்டும் துக்கத்தின் நாட்கள். ஒன்று நம்மவர் நினைவுக்கு, மற்றது அரசின் நினைவுக்கு. இரண்டையும் தவிருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் திருக்குளிர்த்தியும் வரும், பெண்களுக்கு நேரமே இருக்காது. நோன்பு மாதமும் வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. படுவான்கரையில் பாதி வீதி தண்ணீருக்குள். பெரும்போக அறுவடை முடிந்த பின், பங்குனியின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் எங்களுக்குச் சரியாக வந்தது.

கடலோர ஊர்களுக்கு இன்னொரு நாளும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானம் தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அறுநூறு பேரளவில் வீட்டா என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது. சிலர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கப்பல் இன்றும் கடலடியில் கிடக்கிறது. கரைக்கு வந்தவர்களை உங்கள் ஊரில் யார் கண்டார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று மிக மூத்தவர்களின் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் போரில் இலங்கைப் படைகளில் இருந்தவர்களின் பதக்கம் ஒன்று ஏதாவது வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கக்கூடும்.

அந்தப் பின்னேரம்

பல்நோக்கு மண்டபம் அல்லது பாடசாலை மண்டபம் போதும். ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிஸ் அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு போனால் வேலை எளிதாக முடியும். ஓட்டோ அனுப்பி அவர்களை அழைத்து வாருங்கள். கழிவறை எங்கே, படி எத்தனை என்று முதல் நாளே நடந்து பாருங்கள். எழுபது வயதுக்காரருக்கு மேடைப் படி ஒரு மலை. மேடையே வேண்டாம், தரையில் வட்டமாகக் கதிரை போடுங்கள்.

பிரதம விருந்தினர் வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அரசியல்வாதி வந்தால் வரவேற்று முன்வரிசையில் இருத்துங்கள். பேச்சு அந்தப் பெண்களுடையது.

ஒவ்வொருவருக்கும் மூன்று வசனம் எழுதுங்கள். பெயர், இடம், காலம், செய்த வேலை. 'அளப்பரிய சேவை', 'தன்னலமற்ற அர்ப்பணிப்பு' என்ற சொற்களை வெட்டிவிட்டு, என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். "மண்முனைத் துறையைக் கடந்து பிரசவம் பார்க்கப் போனார். விளக்கில்லாத இரவுகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் குழந்தைகளைக் கையில் ஏந்தினார். ஒவ்வொரு குழந்தையையும் கொப்பியில் பதிந்தார்." எழுதியதை முதல் நாள் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். தலைப்பெழுத்தை அடையாள அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் பேரப்பிள்ளை வயதில் இருந்தால் நல்லது. பிறகு இந்த முறையில் நடத்திய எங்கள் நிகழ்வில் அந்தக் கொப்பியில் பதியப்பட்ட குழந்தை ஒருவர், இப்போது ஆசிரியர், எழுந்துவந்து வாசித்தார். சபையிலிருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே குரவையிட்டார்கள்.

இனிப்புக்கு எருமைத் தயிரும் பாணியும். பரிசு கொடுப்பதானால் அவரிடம் என்ன இல்லை என்று பார்த்துக் கொடுங்கள். ஒருவருக்கு வாசிப்புக் கண்ணாடி, ஒருவருக்குக் கைத்தடி. கண்ணாடி போட்ட நினைவுச்சின்னம் அலுமாரியை அடைப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது.

பூவரசம்பூ

சட்டையில் குத்த ஒரு பூ வேண்டுமென்றால் வேலியில் இருக்கிறது. முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்கும் வழக்கம் இலங்கைக்கும் வந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானிய வீரர்களுக்கே போனது. போரிலிருந்து திரும்பிய இலங்கையரான ஏலியன் பெரேரா, உள்ளூர் வீரர்களுக்காகச் சூரிய மலரை விற்கத் தொடங்கினார். சூரிய மலர் என்பது நம் பூவரசம்பூதான். 1933இல் டொரின் யங் என்ற பெண் அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதும் இளைஞர்கள் சேர்ந்தார்கள், இயக்கமாக வளர்ந்தது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அந்தப் பூ விற்றவர்கள்தான் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள். பூவரசு காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் செம்மை ஏறும். பின்னேர நிகழ்வென்றால் சிவந்த பூவையே கொடுங்கள்.

மறுநாள் வேலை

கொப்பி, கடிதம், படம் எதை வாங்கினாலும் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். முற்றத்து நிழலில் வைத்து, பிளாஷ் போடாமல் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்தால் போதும். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒரு பிரதி உங்களிடம். யார், எங்கே, எந்தத் திகதியில் எடுத்தது என்று கூடவே எழுதிவையுங்கள்.

அதன் பிறகு கோப்பு வேலை. மருத்துவமாதுக்கு ஓய்வூதியம் உண்டு. முகாமில் கஞ்சி காய்ச்சியவருக்கு ஒன்றும் இல்லை. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கலாம், மேன்முறையீடு எழுதத் தெரியாதிருக்கலாம். 2018இன் சட்டத்தால் உருவான இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்குப் படிவம் நிரப்ப உதவி வேண்டியிருக்கலாம். பிள்ளையைத் தேடுபவர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிந்தாரா, அங்கே போக விரும்புகிறாரா என்று கேளுங்கள், விரும்பாதவர்களும் உண்டு. ஒருவருக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரித்துக்கொண்டால் ஓர் ஆண்டில் நான்கு பேரின் காரியமும் முடியும்.

எழும்பி வரும்போது ஒரு கேள்வியை மறந்துவிடாதீர்கள்: "உங்களோடு வேலை செய்த வேறு யார் இருக்கிறார்கள், அம்மா?" எங்களுக்கு மூன்று பெயர் கிடைத்தது. ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் மகளோடு கல்முனையில். மூன்றாமவர் வாகரைப் பக்கம், கண்பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். மழைக்கு முன் அங்கே போகவேண்டும். வெற்றிலையை இந்த முறை கொப்பிக்கார அம்மாவே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.